லாயச் சுவரில் ஒன்பது அங்குலச் சீமெந்து

டிலானி, கெவின் இருவருக்கும்,

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் சாம்பல் நிறத் துண்டைக் கெவின் கையில் எடுத்துப் பார்த்தான். "அப்பா, இது என்ன, குப்பைதானே? எறியட்டா?" என்று கேட்டான். எனக்கு முந்தி அம்மா பதில் சொன்னா.

"வைச்சிடு. அது அப்பான்ர மெடல்."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அம்மா சொன்னது முழுக்கப் பகிடி இல்லை. வாயால் சொன்னால் போனைப் பார்த்தபடியே "ஓம் அப்பா, ஓம்" என்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் டிலானி திருத்தட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு மழையில் இழுத்துக்கொண்டு போனதற்கு அதையாவது செய்யலாம்.

லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட், களஞ்சியம், ஆபிஸ் துப்புரவு என்று பல வருடம் ஓடியபின், நாற்பத்தெட்டாவது வயதில் எனக்கு அந்தப் பெரிய வீட்டுப் பராமரிப்பு வேலை கிடைத்தது. பதினெட்டு வருடம் செய்தேன். நோர்பரியில் பஸ் ஏறி, ஸ்ட்ரெதம் கடந்து, மேட்டில் இறங்கினால் கேற் தெரியும்.

அந்த வீட்டைக் கட்டிய காலத்தில் அங்கே லண்டன் இருக்கவில்லை, வயல்தான் இருந்தது. ஜோர்ஜ் என்ற பெயரில் அரசர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட காலம் அது. அதனால் அந்தக் காலத்துக் கட்டடங்களை ஜோர்ஜியன் என்பார்கள். நகரத்துப் புகைக்குத் தப்பிய ஒரு வியாபாரி நாட்டுப்புற மாளிகையாகக் கட்டினான். பிறகு நகரம் மெல்ல மெல்ல நடந்துவந்து மாளிகையைச் சுற்றி வளைத்துக்கொண்டது. இப்போது ஒரு டிரஸ்ட் அதை வைத்திருந்து சனங்களுக்குக் காட்டுகிறது.

வேலை தொடங்கிய முதல் கிழமை, வீட்டின் முன்பக்க யன்னல்களைத் துடைக்கச் சொன்னார்கள். முன்பக்கம் நடுவில் பெரிய வாசல், இடப்பக்கம் எத்தனை யன்னலோ வலப்பக்கமும் அத்தனை. வெளியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உள்பக்கம் துடைக்க மேல்மாடிக்குப் போனேன். இடது கோடியில் இருந்த யன்னலைக் காணவில்லை. அந்த அறைக்குப் போகும் கதவைத் தேடி அரை மணித்தியாலம் நடந்தேன். திரும்ப வெளியில் ஓடிப்போய் எண்ணினேன். யன்னல் இருந்தது. உள்ளே வந்தால் வெறும் சுவர்.

"என்ன தேடுறீங்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு மேலதிகாரி ஹெலன். என்னைவிடப் பத்து வயது இளையவர். நரைக்கத் தொடங்கிய தலைமுடியைச் சுருட்டி அதில் ஒரு பென்சிலைக் குத்தி வைத்திருப்பார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு யன்னல் துலைஞ்சு போச்சு மிஸ்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பென்சில் கீழே விழுந்தது. "அது பொய் யன்னல். உள்ளுக்கு அங்கை அறை தேவைப்படேல்லை. ஆனா வலப்பக்கம் ஒரு யன்னல் இருக்கே. இடப்பக்கம் இல்லாட்டி முகம் கோணிப்போகும். அதால செங்கல்லைக் கட்டி, கறுப்படிச்சு, கண்ணாடிச் சட்டம் மாதிரி வெள்ளைக் கோடு கீறி விட்டிருக்கினம். நீங்கள் வெளியில அதையும் துடைச்சனீங்களோ?"

"ஓம் மிஸ். நல்லா மினுங்குது."

அன்றைக்கு அவர் சொன்ன ஒன்றுதான் என் தொழில் முழுவதற்கும் அத்திவாரம். "இந்த வீடு இரண்டு பாதி. ஒண்டைப் பார்த்து ஒண்டைக் கட்டினது. ஒரு பாதியில ஏதும் விளங்காட்டி, மண்டையைப் போட்டு உடைக்காமல் மற்றப் பாதியில அதே இடத்தைப் போய்ப் பாருங்கோ."

ஹெலன் என்று கூப்பிடச் சொல்லி எத்தனையோ தரம் சொன்னார். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் மிஸ் ஹெலன் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அவர் ஒருநாளும் சத்தம் போட்டது கிடையாது. கோபம் வந்தால் தலையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவுவார். கூடிய கோபம் என்றால் கூடிய நேரம் சீவுவார். பென்சிலின் நீளத்தைப் பார்த்து அந்தக் கிழமை எப்படிப் போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் சுற்றுப் பார்க்கப் போவோம். கூரைப் பீலியில் தொடங்கித் தண்ணீர் போகும் வழியே இறங்கி, கான் வாயில் முடிப்போம். சுவரைத் தொடுவதென்றால் உள்ளங்கையால் தொடக்கூடாது, புறங்கையால் தொட வேண்டும். வேலை செய்தவனின் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், ஈரம் தெரியாது. முதலில் கண், பிறகு புறங்கை, அதற்குப் பிறகு மூக்கு. ஈரம் அளக்கும் மீற்றர் எல்லாம் கடைசி. முன்வாசல் தூண்களைக் கல் என்று நினைத்திருந்தேன். விரலால் தட்டச் சொன்னார். மேளம் மாதிரிக் கேட்டது. உள்ளே கோறையான மரம், மேலே கல் நிறத்தில் மணல் கலந்த பெயின்ற். பெரிய படிக்கட்டுக்குக் கீழே ஒரு தாங்கலும் இல்லை. ஒவ்வொரு படியின் ஒரு நுனி சுவருக்குள் போயிருக்கிறது, மற்றது கீழ்ப்படியில் அமர்ந்திருக்கிறது. நம்பிக்கையில் நிற்கிற மாதிரி இருக்கும். இருநூற்றைம்பது வருடமாக நிற்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது வீடு இல்லை, லாயம்.

வீட்டுக்குப் பின்னால் கல் பதித்த முற்றத்தில் லாயம் இருக்கிறது. நடுவில் வளைவு வாசல், அதன் மேல் மணிக்கூடு, இருபக்கமும் கை நீட்டியதுபோல இரண்டு சமமான கட்டடம், அவற்றைக் கை என்றே சொல்லுவோம். வீட்டின் தம்பி மாதிரி, அதே முகம், கொஞ்சம் சின்ன உருவம். ஒவ்வொரு கையிலும் ஓக் பலகையால் தடுத்த மூன்று தடுப்பு, ஒரு தடுப்புக்கு ஒரு குதிரை. குதிரையின் கண்ணில் வெளிச்சம் குத்தாமல் யன்னல்கள் உயரத்தில். மூத்திரம் தேங்காமல் தரை ஒரு பக்கம் சரிவு. சூடான மூச்சு வெளியேறக் கூரையில் மறைவான துவாரங்கள். வேலைக்காரர் படுத்த மேல்மாடி அறைகளுக்கு அந்த வசதி இல்லை. குதிரைக்குச் செய்ததைச் சமையல்காரிக்குச் செய்யவில்லை என்று மிஸ் ஹெலன் சொல்லுவார். குதிரைகள் போய் நூறு வருடத்துக்கு மேல். ஆனால் தீனித் தொட்டிகளும், சுவரில் குதிரையைக் கட்டும் இரும்பு வளையங்களும் அப்படியே இருந்தன.

இனித்தான் என் பிழை வருகிறது.

மூன்றாம் வருடம் ஆவணி மாதம் மிஸ் ஹெலன் இரண்டு கிழமை லீவில் போனார். வருடா வருடம் சனங்கள் வரும் திறந்தநாளுக்கு முன் லாயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு வெள்ளை அடிப்போம். அந்த முறை நான் தனியாகத் தொடங்கினேன். இடது கையில் முதல் தடுப்பின் பின்சுவரில், செங்கல் இடுக்கில் விரல் வைத்தால் சாந்து மணலாகக் கொட்டியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சனம் வந்து பார்க்கிற சுவர், விரல் பட்டால் உதிர்கிறது.

நான் வளர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சுவர் என்றால் இல்லாதவன் வீடு. சீமெந்து வீடு என்றால் தலை நிமிர்த்திச் சொல்லுவோம். கலியாணம் பேச வந்தவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். ஆகவே, எங்கள் பின்வளவு மதில் கட்டி மிஞ்சிய சீமெந்து மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பழைய சாந்தை வழித்தெடுத்து, இடுக்கெல்லாம் சீமெந்து வைத்து, வரிவரியாக அழுத்தித் தேய்த்தேன். நாலு நாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை, அன்பில் செய்தேன். முதல் தடுப்பு முழுவதும், இரண்டாவது தடுப்பில் பாதியும் ஆனபோது மூட்டை முடிந்தது. இரும்பு வளையத்தடியில் நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை அடித்தேன். சீமெந்தும் சாந்தும் ஒரே வெள்ளையாகின.

மிஸ் ஹெலன் லீவு முடிந்து வந்து பார்த்தார். "லாயம் வடிவா இருக்கு. ஏதும் விசேஷமாச் செய்தனீங்களோ?"

பிள்ளைகள், இதைக் கவனியுங்கள். பாராட்டினால் உடனே "ஓம், நான்தான் செய்தேன்" என்று சொல்லக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். "பெரிசா ஒண்டுமில்லை மிஸ், கொஞ்சம் துப்புரவாக்கினன்" என்றேன். அவராகக் கண்டுபிடித்துச் சொன்னால் எவ்வளவு நல்லது என்று மனதுக்குள் ஆசை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடக்கம் என்று நான் சொன்னது அந்த நிமிடமே பொய்யாகிவிட்டது.

முதல் மாரி ஒன்றும் காட்டவில்லை. இரண்டாவது மாரி நல்ல மழை. மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை லாயக் கதவைத் திறந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். குதிரை நாற்றம். ஒரு குதிரை இல்லை, ஆனால் இரவு முழுவதும் நின்ற மாதிரி நாற்றம்.

முதல் தடுப்பின் பின்சுவரில் வெள்ளை கழன்று தொங்கியது. உவர் பூத்திருந்தது. கீழே சிவப்புத் தூள். செங்கற்களின் முகம் பிஸ்கற் மாதிரி வெடித்து விழுந்து கிடந்தது. மிஸ் ஹெலன் குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். பென்சிலைத் தேடினார், சீவவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்திருந்தது.

ஈரத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கொம்பனியிலிருந்து ஆளை எடுப்பித்தார்கள். வந்தவர் சேகரன், மலேசியத் தமிழர். இங்கே படிக்க வந்து இஞ்சினியராகி நின்றுவிட்டவர். நல்ல மனிதர். மீற்றரைச் சுவரில் வைத்தார், அது கீச்சிட்டது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று ரிப்போர்ட் எழுதினார். சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்ற வேண்டும், உள்ளே இடுப்பளவுக்குத் தண்ணீர் புகாத பூச்சுப் பூச வேண்டும், அதற்குத் தடுப்புப் பலகை, தீனித் தொட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அந்தக் கையைப் பழைய லாயம் என்று இனிச் சொல்ல முடியாது. டிரஸ்டிமார் அடுத்த வியாழன் கூடி முடிவெடுப்பதாக இருந்தது.

ரிப்போர்ட்டை வாசித்த அன்று மத்தியானம் நான் தனியாக லாயத்துக்குப் போனேன். இடது பாதியில் விளங்காவிட்டால் வலது பாதியைப் பார். வலது கைக்குப் போய் முதல் தடுப்பின் பின்சுவரில் புறங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது, ஆனால் காய்ந்த சுவர். அதே மழை, அதே தரை, அதே மூத்திரம் குடித்த செங்கல். திரும்பி இடது கைக்கு வந்தேன். முதல் தடுப்பு ஈரம். இரண்டாவது தடுப்பில் புறங்கையைச் சுவரோடு இழுத்துக்கொண்டு போனேன். ஈரம், ஈரம், ஈரம். இரும்பு வளையம் கையில் முட்டியது. அதைத் தாண்டினால் காய்ந்த சுவர்.

என் சீமெந்து முடிந்த இடத்தில் ஈரமும் முடிந்திருந்தது.

தீனித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சேகரன் தன் சாமான் எடுக்க உள்ளே வந்தார். தமிழ் ஆள் என்பதால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கதவைச் சாத்தினார். பிறகு, "அண்ணே, இத வேற யார்கிட்டயும் சொன்னீங்களா?" என்றார்.

"இல்லை."

"சொல்லாதீங்க. ரிப்போர்ட் போட்டாச்சு லா. பூச்சு பூசிட்டா உங்க சீமெந்து உள்ளாற போயிடும். யாருக்கும் தெரியாது. பிள்ளைங்க படிக்குதுங்க, இந்த வயசுல வேல போனா எங்க போவீங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயந்த ஆளுக்கு ஒரு போர்வை நீட்டினார். போர்த்திக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்போது டிலானிக்குப் பன்னிரண்டு வயது, கெவினுக்கு ஒன்பது.

அன்று பின்னேரம் குசினியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. நிறுத்தவில்லை.

"வேலை போனா வேற வேலை எடுக்கலாம். வேற சுவர் எடுக்கேலுமே?" என்றா. வெங்காயத்தை முடித்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தா.

அடுத்த நாள் காலை மிஸ் ஹெலனின் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். இருக்கச் சொன்னார், இருக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவர் பென்சிலை எடுத்தார். சீவத் தொடங்கினார். சீவினார், சீவினார், மேசை முழுக்கச் சுருள். பென்சில் என் சின்னவிரலளவு ஆனபோது நிறுத்தினார்.

"எத்தனை பங்கு மணலுக்கு ஒரு பங்கு சீமெந்து?"

"மூண்டுக்கு ஒண்டு, மிஸ்."

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு அங்குலம். சில இடத்தில குறைவு."

"எங்கை தொடங்கி எங்கை முடிச்சனீங்கள்?"

"முதல் தடுப்பு மூலையில தொடங்கி, இரண்டாவதில இரும்பு வளையம் வரைக்கும்."

நான் சொன்னதை எழுதியபடியே எனக்கு விளங்கப்படுத்தினார். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. சுவர் மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் தண்ணீர் குடிக்கும், பிறகு மூச்சு விடுகிற மாதிரி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்துதான் அதற்கு மூக்கு. நான் மூக்கைப் பொத்திவிட்டேன். தண்ணீர் வேறு வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளால் வெளியே வந்தது. குதிரை மூத்திரத்தின் உப்பு சுவர் முழுக்க இருக்கிறது. தண்ணீர் காய, உப்பு செங்கல்லுக்குள் நின்று வளர்ந்து, முகத்தைத் தள்ளி உடைத்தது. உதிர்கிற சாந்து கெட்ட சாந்து இல்லை. செங்கல்லுக்காகத் தான் உதிர்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை.

"வியாழக்கிழமை டிரஸ்டிமாருக்கு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார்.

"நான் சொல்லுறன் மிஸ்."

கூட்டம் வீட்டின் பெரிய சாப்பாட்டறையில் நடந்தது. பழைய கம்பளத்துக்காக எல்லாருக்கும் சப்பாத்தின் மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை. ஏழு டிரஸ்டிமாரும் மிஸ் ஹெலனும் நானும் சேகரனும் ஒரே நீலக் காலோடு இருந்தோம். அது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. என் உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, நாலு நாள், வெள்ளை, நான் மிஸ் ஹெலனுக்குச் சொன்ன பொய், எதையும் விடவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லுறீங்கள். விளங்குதோ?"

"ஓம் சேர். அந்த நேரம் அங்கை வேற ஆக்கள் இல்லை."

டிரஸ்டிமாரில் ஒரு வயதான அம்மா மட்டும் சிரித்தா. நீதிபதி சிரிக்கவில்லை. "உங்கட சீமெந்தாலதான் எண்டு எப்பிடித் தெரியும்? ரிப்போர்ட் தரையிலயிருந்து எண்டு சொல்லுது."

"சேர், என்ர சீமெந்து இரண்டாவது தடுப்பில இரும்பு வளையத்தடியில முடிஞ்சது. தரை ஈரமெண்டா அது வளையத்தைப் பார்த்து நிக்காது. நீங்கள் வந்து புறங்கையை வைச்சுப் பாருங்கோ. வளையத்தில ஈரம் நிக்காட்டி, நான் சொன்னது பிழை."

எழுந்தார்கள். நீல உறையைக் கழற்ற மறந்து, எல்லாரும் முற்றத்தைக் கடந்து நடந்தோம். லாயத்துக்குள் நீதிபதி கோட்டுக் கையை மடித்துவிட்டார். முதல் தடுப்பிலிருந்து புறங்கையைச் சுவரோடு இழுத்துக்கொண்டு வந்தார். இரும்பு வளையத்தைத் தாண்டினார், நின்றார். ஒரு அடி பின்னுக்கு வந்தார். திரும்பவும் தாண்டினார்.

"மிஸ்டர் சேகரன்" என்றார், "இந்தப் பக்கம் மீற்றரை வையுங்கோ."

சேகரன் வளையத்துக்கு இடப்பக்கம் வைத்தார், கீச்சிட்டது. வலப்பக்கம் வைத்தார், முனகிவிட்டு அடங்கியது. அவர் மீற்றரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்க, "இந்தப் பக்கம் நான் செக் பண்ணல. என் தப்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கத் தமிழில், "அண்ணே, ஒரு நல்ல வேலைய எங்கிட்டேருந்து புடுங்கிட்டீங்க" என்றார். ஆனால் முகம் சிரித்தபடி இருந்தது.

"சுவரைக் காப்பாற்றேலுமோ?" என்று நீதிபதி மிஸ் ஹெலனைக் கேட்டார்.

"ஏலும். துளை தேவையில்லை, மருந்து தேவையில்லை. சீமெந்தைக் கையால எடுத்து, சுண்ணாம்பு வைக்க வேணும்."

"ஆர் செய்யிறது?"

மிஸ் ஹெலன் என்னைக் காட்டினார்.

"பழுதாக்கின ஆளோ?"

"எந்த இடுக்கில எவ்வளவு ஆழம் எண்டு அவருக்குத்தான் தெரியும்."

நீதிபதி புரட்டாதி முடியும்வரை தவணை தந்தார். தீர்ப்பு மாதிரித்தான் சொன்னார்.

சித்திரை மாதம் தொடங்கினேன். சுண்ணாம்புக்கு உறைபனி ஆகாது, அதனால் மாரிக்கு முன் முடிக்க வேண்டும். மெஷின் தொடக்கூடாது, தொட்டால் செங்கல்லின் விளிம்பு போய்விடும். விரல் அகல உளி, சின்னச் சுத்தியல். சீமெந்தின் நடுவில் அடித்து, அதை உள்ளுக்குள்ளேயே உடைத்து, துண்டு துண்டாக வெளியே இழுக்க வேண்டும். சில நாள் ஒரு முழம் போகும், சில நாள் நாலு அங்குலம். செய்யும்போது நாலு நாள், எடுக்கும்போது நாலு மாதம். எடுத்த இடுக்கைத் தூரிகையால் துடைத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தை உள்ளே ஆழமாக அழுத்துவேன். வைத்தவுடன் தேய்க்கக் கூடாது. பெருவிரல் வைத்தால் பதியாமல், நகம் வைத்தால் மட்டும் பதிகிற பதம் வரும்வரை காத்திருந்து, விறைத்த தூரிகையால் குத்திக் குத்தி முகத்தைத் திறந்துவிட வேண்டும். முகம் வெடித்துப்போன செங்கல்லைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி வைத்தோம். பின்பக்கம் இருநூற்றைம்பது வருடம் வெளிச்சம் காணாமல் புதிதாக இருந்தது.

சாந்து வேகமாகக் காய்ந்தால் தூளாகிவிடும், ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். சாக்குப் போதவில்லை. அம்மா நோர்பரிக் கடைக்காரரிடம் பாஸ்மதி அரிசிச் சாக்குகள் வாங்கி அனுப்பினா. ஒரு கோடை முழுக்க அந்த மாளிகையின் லாயத்தில் அரிசிச் சாக்குகள் தொங்கின. பார்க்க வந்த சனம் அதையும் போட்டோ எடுத்தது. அந்தக் காலத்துக் குதிரைகள் பாஸ்மதி சாப்பிட்டனவா என்று ஒரு பிள்ளை கேட்டது.

ஆவணியில் ஒரே ஒரு இடம் மிஞ்சியது. தீனித் தொட்டிக்குப் பின்னால் ஒன்பது அங்குலம். அங்கே செங்கல் மிக மென்மை. உளி வைத்தால் சீமெந்தோடு செங்கல்லும் சேர்ந்து வரப் பார்த்தது. எனக்கு ஒன்றையும் மிச்சம் விட மனமில்லை. சுத்தியலை ஓங்கினேன். மிஸ் ஹெலன் என் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ. சுத்தி வரச் சுண்ணாம்பு வைச்சிட்டீங்கள், சுவர் இனி மூச்சு விடும். இந்தத் துண்டைப் பிடிச்சிருக்கிற ஈரமும் மெல்ல மெல்லக் காயும். சீமெந்து தானாக் கழலும் ஒரு நாளைக்கு."

"எப்ப மிஸ்?"

"சுவர் எனக்குச் சொல்லேல்லை."

பதிவுப் புத்தகத்தில் இப்படி எழுதினார்: தீனித் தொட்டிக்குப் பின்னால், சீமெந்து, ஒன்பது அங்குலம், விடப்பட்டது, இழுக்க வேண்டாம்.

மாரி வந்தது. கிழமைக்கு ஒருமுறை புறங்கை வைத்தேன். நாற்றம் போய்விட்டது. மழை, உறைபனி எல்லாம் வந்து போய், பங்குனி மாதம் தரையைக் கூட்டிப் பார்த்தேன். சிவப்புத் தூள் ஒரு சிட்டிகையும் இல்லை.

அந்த வசந்தத்தில் பழைய கட்டடங்களைப் பார்வையிடும் அரசாங்க அதிகாரி வந்தார். வயதானவர், கடுமையானவர் என்று கேள்வி. மிஸ் ஹெலன் அவரை இடது கைக்குக் கூட்டிப்போய், "இந்தச் சுவரில திருத்தினது இருக்கு, பாருங்கோ" என்றார். அவர் ரோர்ச் அடித்துப் பார்த்தார். கிட்டப் போனார். முழங்காலில் இருந்து பார்த்தார். வளையத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கை தொடங்கி எங்கை முடியுது?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

மிஸ் ஹெலன் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி நிதானமாக நின்றார். அதிகாரி தீனித் தொட்டிக்குப் பின்னால் ரோர்ச்சை அடித்தார். ஒன்பது அங்குலம் சாம்பலாகத் தெரிந்தது. "ஐயோ, இந்த அநியாயத்தை ஆர் செய்தது?"

மிஸ் ஹெலன் என்னைக் காட்டினார். "இவர்."

"மற்றச் சுவர் முழுக்க ஆர் செய்தது?"

"இவர்தான்."

அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு எனக்குக் கை தந்தார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அந்த வீட்டில் சுண்ணாம்பு வேலை எது வந்தாலும் எனக்குத்தான். வேறு பழைய வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். சேகரனும் இரண்டு இடத்துக்குத் தானே வந்து கூட்டிப்போனார். மீற்றரை வைக்க முதல், "அண்ணே, கைய வச்சுப் பாருங்க" என்பார்.

போன மாதம் மரியா போன் எடுத்தா. எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவ. பீலி பார்க்க இப்போது பறக்கிற கமரா வைத்திருக்கிறா, சுவருக்குள் ஈரம் அளக்கக் கம்பியில்லாத கருவி வைத்திருக்கிறா. "அருள், புத்தகத்தில இழுக்க வேண்டாம் எண்டு இருக்கிற துண்டு ஆடுது. என்ன செய்ய?" என்று கேட்டா.

"ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வாறன்."

மிஸ் ஹெலனுக்கும் போன் செய்தேன். அவரும் இப்போது ஓய்வு. ரயிலில் வந்து இறங்கினார், தலையில் பென்சில். மூன்று பேரும் தீனித் தொட்டிக்குப் பின்னால் குந்தினோம். உளி கொண்டுபோயிருந்தேன், தேவைப்படவில்லை. இரண்டு விரலால் பிடித்தேன், ஒரு பக்கம் அசைந்தது, மறுபக்கம் அசைந்தது, கையோடு வந்துவிட்டது. மரியா ரோர்ச் அடித்தா. இடுக்குக்கு மேலும் கீழும் செங்கல்லின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல முழுசாக இருந்தது.

மிஸ் ஹெலன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, பழைய வரிக்குக் கீழே எழுதினார்: தானாகக் கழன்றது. அந்த இடுக்கில் நானே சுண்ணாம்பு வைத்தேன். பத்து நிமிட வேலை. அரிசிச் சாக்கு நனைத்துத் தொங்கவிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அந்தத் துண்டுதான் மாதாவுக்குப் பக்கத்தில் இருப்பது. அடுத்த ஞாயிறு வரும்போது எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். செங்கல்லின் சிவப்பு ஒரு பொட்டும் அதில் ஒட்டியிருக்கவில்லை.

அப்பா